மூட்டைக்குக் கீழே ஒரு முகம்

இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. சலூன் கண்ணாடியின் வலது மூலையில் சோப்புத் துண்டால் எழுதியிருந்தது அந்தக் கடன். யாருடையது என்று பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணி கட்டியதும், தன் முகமும் அந்தத் தொகையும் ஒரே கண்ணாடியில் பக்கத்துப் பக்கத்தில் தெரிவதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிற ஆள் ஒருவர்தான். மொத்த வியாபாரக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர். அங்கே அவருக்குத் தராசு என்று பெயர்.

தராசு என்றால் நேர்மையானவர் என்று நினைத்துவிட வேண்டாம். நேர்மையானவர்தான், ஆனால் பெயர் அதனால் வந்ததல்ல. அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். வலது தோள் ஏதோ ரகசியம் சொல்கிற மாதிரியும், வலது காது குனிந்து அதைக் கேட்கிற மாதிரியும் இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அது எந்த மூட்டையின் கீழ் சாய்ந்ததோ, அவருக்கே தெரியாது.

சலூன்காரர் வேறு யாருமில்லை, தராசுவின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். கடன் வாங்கியதும் அந்தத் தங்கைக்காகத்தான். அவள் வீட்டில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறவள். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாமல் போனபோது, மூக்குக்கண்ணாடிக்காகத் தராசு மச்சானிடம் கை நீட்டினார். கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு அவள் முதலில் பார்த்தது புருஷன் முகத்தை.

“அட, உங்களுக்கு இத்தனை சுருக்கமா? நான் ரெண்டு மூணுன்னு நினைச்சிட்டு இருந்தேன்.”

அப்புறம் அவர் முகத்தின் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் சலூன்காரரின் மனைவி நாலு பேருக்கு நடுவில், “கண்ணாடி ஜோரா இருக்கு. காசுதான் யாருதோ” என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அங்கிருந்து எழுந்து வந்தவள்தான் தராசுவின் மனைவி. “பணத்தைக் கொடுத்துட்டுத்தான் எங்க அண்ணன் வீட்டு வாசப்படியை மிதிப்பேன்” என்றாள். ஐந்து மாசம் ஆகிவிட்டது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற அண்ணனோடு ஒரு வார்த்தை இல்லை. தராசுவுக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. பொத்தான் தைக்கும்போது அவள் மூக்குக்குள்ளேயே ஏதாவது ராகம் இழுத்துக்கொண்டிருப்பாள். எந்தப் பாட்டு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த முனகல் நின்றுவிட்டது. வேலை முடிந்து இடுப்பு ஒடிந்து வருகிற மனுஷனுக்கு அந்த முனகல்தான் வீடு. இப்போது வீட்டில் ஊசி துணியைக் குத்தும் சத்தம்கூடக் கேட்டது.

இந்த நிலைமையில்தான் காகிதக் கிடங்கின் மாடியில் இருந்த படம் வரையும் பள்ளிக்கூடத்து டீச்சர் அவரைப் படிக்கட்டில் மறித்தாள்.

“ஐயா, சும்மா நிக்கறதுக்குக் காசு கொடுத்தா நிப்பீங்களா?”

“சும்மா நிக்கறதுக்கா? சும்மா நிக்காதேன்னு சொல்லித்தாம்மா இத்தனை வருஷமா எனக்குக் காசு கொடுத்திருக்காங்க.”

அவள் விளக்கினாள். சனிக்கிழமை சாயங்கால வகுப்பு. வருகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிற பெரியவர்கள். தலையில் மூட்டையோடு அவர் நிற்க வேண்டும். அவர்கள் பார்த்து வரைவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு நூற்று முப்பது. தராசு அடுத்த படியில் கால் வைப்பதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். பதினெட்டுச் சனிக்கிழமை. கடன் தீர்ந்தது, வாசப்படி மிதித்தாயிற்று, முனகல் வந்தாயிற்று. கடைசிப் படியில் சிரித்துக்கொண்டே தடுக்கி விழப் பார்த்தார்.

முதல் சனிக்கிழமை போனார். டீச்சருக்கு இரக்க மனசு. பாவம், வயசானவர் என்று, ஒரு கோணிப்பைக்குள் கசங்கிய காகிதத்தைத் திணித்து உப்பலாக வைத்திருந்தாள். பார்த்தால் ஐம்பது கிலோ. தூக்கினால் ஒரு தலையணை. அதைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்து கரித்துண்டால் காகிதத்தைச் சுரண்டினார்கள். பன்னிரண்டு எலிகள் ஒரே நேரத்தில் விருந்து சாப்பிடுகிற சத்தம். மூக்கு நுனியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்து, இவர் அசையமாட்டார் என்று தெரிந்துகொண்டு, கை கால் எல்லாம் கழுவிக்கொண்டு போயிற்று.

“உங்களுக்குத் தெரிஞ்ச மூக்கை வரையாதீங்க. அவர் மூஞ்சில இருக்கற மூக்கை வரைங்க” என்று டீச்சர் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

என் மூக்கில் அப்படி என்ன இருக்கிறது என்று தராசுவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

இடைவேளையில் ஒவ்வொரு பலகையாகப் போய்ப் பார்த்தார். பன்னிரண்டு ஆட்கள் இருந்தார்கள். ஒருவனுக்குக் கத்தரிக்காய் மூக்கு. ஒருவனுக்கு இவருக்கு இல்லாத மீசை. பஸ் கண்டக்டர் ஒருவர் வரைந்ததில் கால் இரண்டும் காகிதத்துக்கு வெளியே போய்விட்டிருந்தது. அதெல்லாம் போகட்டும். எல்லாப் படத்திலும் ஒன்று மட்டும் அவரை உறுத்தியது. மூட்டை தலைமேல் பூனை மாதிரி உட்கார்ந்திருந்தது. தடவிக்கொடுத்தால் போதும்போல.

“டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இது பொய்.”

“எது?”

“மூட்டைதான். எடை இல்லைன்னா கழுத்துக்கு வேலையில்லை. கழுத்துக்கு வேலையில்லைன்னா மூஞ்சில என்னத்த பாப்பாங்க? சோம்பலைத்தான் பாப்பாங்க. கீழ கிடங்குல பசை மாவு மூட்டை இருக்கு. ஐம்பது கிலோ. அதைத் தூக்கிட்டு வரேன்.”

“அதோட எவ்வளவு நேரம் அசையாம நிப்பீங்க?”

“நடந்தா எவ்வளவு தூரம் வேணா போவேன். நிக்கறதுன்னா பத்து நிமிஷம். இறக்கி வச்சு, மறுபடி பத்து. அப்படி மூணு தடவை.”

டீச்சர் சங்கடத்தோடு கண்ணாடி வளையலைத் திருகினாள். “அப்போ அரை மணி நேரம்தான் ஆகும். நிர்வாகம் நின்ன நேரத்துக்குத்தான் கொடுக்கும். முப்பத்திரண்டரை.”

பதினெட்டுச் சனிக்கிழமை எழுபத்திரண்டாயிற்று. ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. ‘சரி, காகித மூட்டையே இருக்கட்டும்’ என்று சொல்லத்தான் தராசு வாயைத் திறந்தார். அப்போது அந்தப் பூனைகள் பன்னிரண்டும் கண்ணில் பட்டன. இருபத்திரண்டு வருஷமாகத் தூக்கியதைப் பூனை என்று எழுதிவைத்தால் எப்படி இருக்கும்? வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது.

“கொஞ்சம் வழி விடுங்க. மாவு மூட்டை வருது.”

தூக்கிவந்து தலையில் ஏற்றினார். கழுத்து டக்கென்று நிமிர்ந்தது. கால் விரல்கள் பலகையைப் பிடித்தன. முதுகெலும்பில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டை அடுக்கிய மாதிரி எல்லாம் தன்னிடத்தில் போய் உட்கார்ந்தன. அறையில் யாரோ “ஆ!” என்றார்கள். அப்புறம் எலிகள் விருந்து சாப்பிடவில்லை, சண்டை போட்டன. பத்தே நிமிஷம்தான் என்று தெரிந்ததும் ஆளாளுக்குப் பேய் பிடித்த மாதிரி வரைந்தார்கள். கரித்துண்டுகள் முறிந்து பறந்தன. கண்டக்டர் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு வரைந்தார்.

தராசுவுக்கு வேறொரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு ஜன்னல். மூட்டையோடு நடக்கும்போது மூன்றடித் தரைதான் அவருக்கு உலகம். எறும்பு வரிசை, வாழைப்பழத் தோல், எதிரே வருகிறவனின் செருப்பு. வானத்தைக் குட்டையில் தேங்கின தண்ணீரில் பார்த்துத் தாண்டியிருக்கிறார். தலையில் சுமையோடு நின்றபடி வானத்தை நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஒரு மேகம், பொத்தான் கழன்ற சட்டை மாதிரி வயிறு தெரிய மெதுவாகப் போனது. கம்பியில் ஒரு சிட்டுக்குருவி தன் முதுகையே கொத்திக்கொள்ள முடியாமல் சுற்றிச்சுற்றித் திரும்பிற்று. அவருக்கு மூட்டை மறந்துபோயிற்று.

“ஐயா, பத்து நிமிஷம் ஆச்சு!” என்று டீச்சர் கத்தினாள்.

“இருங்கம்மா, குருவி இன்னும் கொத்தி முடிக்கலை.”

வகுப்பு முடிந்ததும் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி தன் படத்தை உருவி அவரிடம் கொடுத்தாள். நோயாளியின் காய்ச்சலை உள்ளபடி எழுதுகிற கை. அழகுபடுத்தத் தெரியாது. “எங்க வார்டுல பாக்கறதை அப்படியே எழுதலைன்னா ஆபத்து. அதே பழக்கத்துல வரைஞ்சிட்டேன். கோவிச்சுக்காதீங்க” என்றாள். படத்தில் கழுத்து நரம்பு இரண்டும் கயிறாக இறுகி, முகம் நேராக, கண் மட்டும் எங்கேயோ குஷியாகப் பறந்துகொண்டிருந்தது. தராசு தன்னையே பார்த்து, “வாங்க, சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பின வழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கமாகக் கால்மணி நேரம் ஆகும். அன்று ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. காய்கறிக் கடையில் ஒரு முட்டைக்கோஸைக் கையில் எடுத்தார். ஆயிரம் தடவை மூட்டையாகத் தூக்கிய சரக்குதான். அதன் இலையில் ஒரு நடு நரம்பு, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை, ஆறு ஒன்றை மேலே நின்று பார்க்கிற மாதிரி. கடைக்காரர், “வாங்கறியா, இல்ல ஜாதகம் பாக்கறியா?” என்றார். நனைந்த கயிற்றை மோந்து பார்த்தார். மழை வாசனையும் மாட்டு வாசனையும் அடித்தது. வெங்காயச் சருகு ஒன்றைத் தெருவிளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அந்தச் சிவப்புக்கு ஒரு பெயர் வைக்க முயன்று, முடியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கதவைத் திறந்த மனைவி மூக்கைச் சுருக்கினாள். “குடிச்சிட்டு வந்தீங்களா?”

“இல்லம்மா. முட்டைக்கோஸ் பாத்தேன்.”

“முட்டைக்கோஸா?”

“பக்கத்துல போய்ப் பாத்தேன்.”

முப்பத்திரண்டரை விவகாரம் வெளியே வந்தது. அவள் பொத்தான் டப்பாவை அப்படியே தரையில் வைத்தாள். “காகித மூட்டை போதும்னு அவங்களே சொன்னாங்கள்ல? உங்களுக்கு எங்க வலிச்சுது?”

“பொய்யா நின்னதுலதான் வலிச்சுது.”

“நல்லா வலிச்சுது போங்க! எழுபத்திரண்டு வாரத்துக்கு எனக்கு வலிக்கும்” என்றாள். கோபத்தோடு படத்தைப் பிடுங்கி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். கோபம் எங்கேயோ இறங்கிப் போயிற்று. வெகுநேரம் பார்த்தாள். மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். உள்ளே பாத்திரம் ஒன்று சம்பந்தமில்லாமல் குலுங்கிற்று.

மறுநாள் ஞாயிறு. தராசு படத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டே சலூனுக்குப் போனார். பெஞ்சில் ஒரு கொத்தனார் சவரத்துக்காகக் காத்திருந்தார். காலடியில் அவர் கருவிப் பை.

“என்ன மாப்பிள்ளை, கையில பட்டா பத்திரமா?” என்றார் சலூன்காரர், அவரை உட்காரவைத்துக் கழுத்தில் துணி கட்டி ஒரு கன்னத்தில் நுரை பூசிக்கொண்டே.

தராசு விரித்துக் காட்டினார். சலூன்காரர் கத்திரிக்கோலை வெறும் காற்றில் இரண்டு தடவை சடக்சடக்கென்று வெட்டிக்கொண்டே பார்த்தார். மூன்றாவது தடவை நின்றுவிட்டது.

“யாரு இது?”

“நான்தான் மச்சான்.”

“நீங்க இல்ல. காதோரக் கிருதாவைப் பாருங்க. வலது பக்கம் மேல ஏறி நிக்குது, இடது பக்கம் கீழ தொங்குது. பதினெட்டு வருஷமா இந்தத் தலைக்கு நான் கிருதா வெட்டறேன். இதோ, இந்தக் கண்ணாடிச் சட்டத்தைத்தான் நேர்கோடா வச்சுக்கிட்டு வெட்டறேன். ஒரு மயிரிழை பிசகினது கிடையாது. வரைஞ்சவங்களுக்குக் கண்ணு கோணல்.”

“நர்ஸம்மா. உள்ளதை உள்ளபடி எழுதறவங்க.”

“அப்போ என் கை கோணலா?” சலூன்காரரின் காது சிவந்துவிட்டது. எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வார். கிருதாவைச் சொல்லக்கூடாது. “இப்படிப் பண்ணலாம் மாப்பிள்ளை. படம் சரின்னா, அந்த மூலையில இருக்கறதை நானே துடைச்சிடறேன். படம் தப்புன்னா அந்த இடத்துல நாலாயிரத்து அறுநூத்து எண்பதுன்னு எழுதுவேன். சம்மதமா?”

தராசு மனசுக்குள் கணக்குப் போட்டார். இரண்டு மடங்கு. எழுபத்திரண்டு வாரம் நூற்று நாற்பத்து நாலு வாரமாகும். அதற்குள் முனகல் என்றால் என்ன என்றே வீட்டில் மறந்துபோகும். ஆனால் அந்தப் படத்தில் கழுத்து நரம்பு பொய் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியும், உள்ளிருந்தே தெரியும். நரம்பை உள்ளபடி போட்டவள் கிருதாவில் மட்டும் எதற்குப் பொய் சொல்லப்போகிறாள்?

“சம்மதம்.”

கொத்தனாருக்குச் சவரம் மறந்துபோயிற்று. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் துடைத்தார். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற கருவியை ஒரு மனுஷனின் மூக்குக்குக் கீழே, இரண்டு கிருதா நுனியையும் தொட்டபடி பிடித்தார். உள்ளே குமிழ் ஆடி ஆடி, நட்ட நடுவில் வந்து நின்றது.

“சுத்தம்!” என்றார் கொத்தனார். “தரை போடலாம்.”

“பாத்தீங்களா!” சலூன்காரர் சோப்புத் துண்டை எடுத்துக் கண்ணாடிப் பக்கம் போனார். பழைய தொகையின் முதல் எண்ணான இரண்டைப் பாதி அழித்தும்விட்டார்.

“இருங்க மச்சான்” என்றார் தராசு. குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “படத்துல மூட்டை இருக்கு. இங்க மூட்டை எங்க?”

பக்கத்து மளிகைக் கடையிலிருந்து ஒரு சர்க்கரை மூட்டை வந்தது. எதற்கு என்று கேட்டுக்கொண்டே கடைக்காரரும் பின்னால் வந்தார். மூட்டையில் இடிக்காமல் இருக்க மின்விசிறியை நிறுத்தினார்கள். கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு, பாதி நுரை பூசிய முகத்தோடு, தராசு நடுச் சலூனில் நின்று மூட்டையைத் தலையில் ஏற்றினார். இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம், கழுத்து டக்கென்று நிமிர்ந்தது. வலது காது தோளை விட்டு எழுந்தது.

கொத்தனார் ரசமட்டத்தை வைத்தார். குமிழ் நடுவில் நிற்கவில்லை. வலது பக்கம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

“ஐயோ” என்றார் கொத்தனார். விரலை வைத்து அளந்தார். “முக்கால் விரல் வித்தியாசம். சுவரா இருந்தா இடிச்சிட்டு மறுபடி கட்டுவேன்.”

சலூன்காரர் பக்கம் வந்து பார்த்தார். கீழே குனிந்து பார்த்தார். கண்ணாடியில் பார்த்தார். தலை சாய்ந்திருக்கிறதைப் பார்க்காமல் சட்டத்தையே பார்த்துப் பதினெட்டு வருஷம் வெட்டியிருக்கிறார். சாய்ந்த தலைக்கு நேராக வெட்டினால், நிமிர்ந்த தலைக்குக் கோணல்தானே? மெதுவாகத் தன் வாடிக்கையாளர் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

“பதினெட்டு வருஷம்” என்றார். “ஊர்ல ஒருத்தன்கூடச் சொல்லலையே?”

“மூட்டையோட வரும்போது யாரு மச்சான் மூஞ்சியைப் பாக்கறாங்க? வழி விட்டு ஓடத்தான் பாப்பாங்க” என்றார் தராசு மூட்டைக்குக் கீழிருந்து.

“எனக்குத் தெரியும்.”

வாசலில் தராசுவின் மனைவி நின்றாள். உன் புருஷன் சலூனில் சர்க்கரை மூட்டையோடு முகச்சவரம் செய்துகொள்கிறார் என்று யாரோ போய்ச் சொல்லியிருந்தார்கள். கையில் ஊசி, அதில் நூல். ஓட்டத்தில் எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். கால் மட்டும் படிக்கு வெளியே நின்றது.

“கண்ணாடி வந்த அன்னிக்கே சந்தேகம். மறுநாள் இவர் மூட்டையோட தெருவுல போறதைப் பாத்தேன்ண்ணே. பாத்ததும் தெரிஞ்சுது.”

ஐந்து மாசத்தில் முதல் ‘அண்ணே’. சலூன்காரர் எழுந்துவிட்டார்.

“தெரிஞ்சு ஏன்மா சொல்லலை?”

“இவர்கிட்ட சொன்னா உங்க கைக்குக் கேவலம். உங்ககிட்ட சொன்னா, எதால பாத்தேன்னு கேப்பீங்க. உங்க கடன் கண்ணாடியாலதான் பாத்தேன்னு எப்படிச் சொல்றது?”

கொத்தனார்தான் முதலில் சிரிப்பில் வெடித்தார். மளிகைக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டார். சலூன்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் தோள் துண்டில் துடைத்தார். சிரிக்க முடியாத ஒரே ஆள் தராசு. சிரித்தால் ஐம்பது கிலோ சர்க்கரை கொத்தனார் தலையில் விழும். மூட்டை மட்டும் குலுங்கிற்று.

“சரி, இப்போ வெட்டி நேராக்கறேன்” என்று கத்தியை எடுத்த சலூன்காரர் நின்றார். “எந்தத் தலைக்கு வெட்டறது? இவருக்கு ரெண்டு தலை இருக்கே. ஒண்ணுக்கு நேரா வெட்டினா இன்னொண்ணுக்குக் கோணலாகும்.”

“எந்தத் தலை ஜாஸ்தி நேரம் இருக்கோ அதுக்கு” என்றார் கொத்தனார்.

“சீக்கிரம் முடிவு பண்ணுங்க” என்றார் தராசு. “ஏழு நிமிஷம் ஆச்சு.”

அவள் படியேறி உள்ளே வந்தாள். “மூட்டையோட இருக்கற தலைக்கு வெட்டுங்கண்ணே. ஊருக்கு நேரா இருக்கட்டும். வீட்டுல கோணலா இருந்தா நான் பாத்துக்கறேன்.”

சலூன்காரர் முக்காலியைப் போட்டு ஏறி, மூட்டைக்கு அடியில் தலையை நுழைத்து, ரசமட்டக் குமிழைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். கத்தியின் குளிர்ச்சி இடது கன்னத்தில் முக்கால் விரல் தூரம் நகர்ந்தது. தராசு அசையவில்லை. எதிரே கண்ணாடி. அதன் மூலையில் பாதி அழிந்த இரண்டும், முழுசாக முந்நூற்று நாற்பதும்.

“இறக்குங்க” என்றார் சலூன்காரர்.

மூட்டை இறங்கியது. தலை பழையபடி சாய்ந்தது. கிருதா கோணலாயிற்று. சலூன்காரர் துண்டை நனைத்துப் பிழிந்து, வாக்குப்படி அந்த மூலையை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைத்தார். ஈரம் காய்ந்த இடம் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று இருந்தது. அந்த இடத்துக்குள் அவள் தெரிந்தாள். பெஞ்சில் கொத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, கொத்தனார் சட்டையில் அறுந்து தொங்கிய பொத்தான் ஒன்றைத் தைத்துக்கொண்டு, மூக்குக்குள்ளேயே எந்தப் பாட்டு என்று தெரியாத எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள்.